தலையணைக்கு அடியில் திருநீறு

"எல்லா மதமும் ஒண்ணுதாங்க, எல்லாம் நல்லதத்தான் சொல்லுது." இந்த வசனத்தைச் சென்னையில் ஷேர் ஆட்டோவிலும் கேட்கலாம், கல்யாணப் பந்தியிலும் கேட்கலாம், அரசியல் மேடையிலும் கேட்கலாம். நல்ல மனதோடு சொல்கிறார்கள், மறுத்துப் பேச வாய் வராது. ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறுபிறவி உண்டு என்பவரும் இல்லை என்பவரும் எப்படி ஒன்றையே சொல்கிறார்கள்? சாமிக்கு உருவம் செய்து, குளிப்பாட்டி, பட்டு உடுத்தி அழகு பார்ப்பவரும், இறைவனுக்கு உருவம் வைப்பதே பெரும் பாவம் என்பவரும் ஒரே கட்சியா? உலகைப் படைத்த கடவுள் என்ற ஒருவரே தேவையில்லை என்று சொல்லும் சமணரை எங்கே கொண்டுபோய் வைப்பது? எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நம்புகிறார், எதைத் தின்னமாட்டார், எந்த நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்ளும் வேலை மிச்சம்.

எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. அப்பா பெரியார் தொண்டர். கூட்டம் என்றால் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வேப்பேரியில் இருக்கும் பெரியார் திடலுக்குக் கிளம்பிவிடுவார். அம்மாவுக்கு முருகன். அதிலும் முருகனைப் பாடிய துறவி பாம்பன் சுவாமிகள் என்றால் உயிர். 1923 டிசம்பரில் தம்புசெட்டித் தெருவில் குதிரைவண்டி ஏறிச் சுவாமிகளின் கால் முறிந்தது, பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள், வயதானவர், எலும்பு கூடாது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள், அடியார்கள் அவர் பாடிய சண்முக கவசத்தை ஓதினார்கள், கால் குணமானது. இந்தக் கதையை அம்மா நேற்று நடந்ததுபோலச் சொல்வாள். "கட்டு போட்ட டாக்டர் பேரு என்ன? அதை ஏன் யாரும் சொல்றதில்ல?" என்பார் அப்பா. "அந்தக் கையையும் முருகன்தாங்க புடிச்சிருந்தான்" என்பாள் அம்மா. இருவருமே அசரமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கந்தகோட்டத்துக்கு ஸ்கூட்டரில் அழைத்துப்போவதும் அதே அப்பாதான். பூக்கடையில் பேரம் பேசிக் கதம்பம் வாங்கித் தருவார். கோயில் வாசல் வரை போவார், அதற்கு மேல் ஓர் அடி வைக்கமாட்டார். அம்மா உள்ளே சுற்றி வரும்வரை, அவள் செருப்பைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு, 'விடுதலை' நாளிதழை விரித்துப் படித்துக்கொண்டு நிற்பார். பார்க் டவுன் நெரிசலில் அப்படி ஒரு மனிதர் நிற்பதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. செருப்புக்கு டோக்கன் போடுகிறவர் என்று நினைத்து, ஒரு பாட்டி தன் செருப்பையும் அவரிடம் விட்டுப்போனதாக வீட்டில் ஒரு கதை உண்டு. அதையும் பார்த்துக்கொண்டாராம்.

அப்பா அடிக்கடி சொல்லும் கதை வேறு. குன்றக்குடி மடத்துக்குப் போன பெரியார், அங்கே கொடுத்த திருநீற்றைத் தட்டிவிடாமல் ஏற்றுக்கொண்டார் என்பார்கள். "கொடுத்தவங்க மரியாதையாக் கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டார். அதுக்காக அவர் கொள்கை போயிடுச்சா?" என்று கேட்பார். நம்புவது வேறு, நம்புகிறவரை மதிப்பது வேறு என்று எங்களுக்கு யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. அப்பா செருப்புப் பக்கத்தில் நின்றதைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று முடிவானபோதுதான் இரண்டு கட்சிக்கும் சோதனை வந்தது. முதல் நாள் இரவு அம்மா மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். பழைய காலண்டர் தாளில் மடித்தது. "என்னங்க, நெத்தியில கொஞ்சம் வைக்கட்டுமா?" அப்பா யோசித்தார். மயக்க மருந்து கொடுத்தபின் வைத்திருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை, அம்மா அப்படிச் செய்யவில்லை. கேட்டாள். "நெத்தி வேண்டாம். உன் மனசு ஆறும்னா தலகாணிக்கு அடியில வச்சுக்கோ" என்றார் அப்பா. அங்கேதான் இருந்தது, நர்ஸ் வந்து விரிப்பை மாற்றச் சொல்லும்வரை. பிறகு என் சட்டைப் பையில்.

மதம் மனிதனுக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் அந்தக் காத்திருப்புக் கூடத்தைத்தான் காட்டுவேன். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது, தெரிந்தாலும் செய்ய ஒன்றுமில்லை. சண்முக கவசம் மொத்தம் முப்பது பாட்டு. அகரத்தில் தொடங்கி உயிரும் மெய்யும் வரிசையாக ஒவ்வொரு பாட்டின் முதலெழுத்தாக வரும். அம்மா முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். எதிர் வரிசையில் ஒரு பாய் சின்னப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தார். அவர் மகளுக்கு உள்ளே அறுவை. பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு ஓர் அம்மா. மூன்று பேரும் ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் யார் எழுந்து கேன்டீனுக்குப் போனாலும் மற்ற இருவருக்கும் டீ வந்தது. கை ஓய்ந்துபோன நேரத்தில் ஒரு வேலையைக் கொடுக்கிறது மதம். அது மேலே போய்ச் சேர்கிறதா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

இதை மதம் மட்டும்தான் செய்யும் என்று சொன்னால் அப்பா சண்டைக்கு வருவார். நியாயம்தான். ரத்தம் தேவை என்றதும் காலை ஆறு மணிக்கு வந்து நின்றவர்கள் அவருடைய தோழர்கள், அதில் ஒருவர்கூடக் கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை. சேர்ந்து நிற்க ஒரு கூட்டம் வேண்டும் மனிதனுக்கு. பெரும்பாலானவர்களுக்கு அது மதத்தின் வழியாகக் கிடைக்கிறது, சிலருக்கு வேறு வழியாக.

அந்தக் கூடத்திலேயே இன்னொன்றும் பார்த்தேன். ஜெபமாலை அம்மா அருகில் வந்து, "உங்க வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணிக்கலாமா?" என்று என் அம்மாவிடம் கேட்டார். "தாராளமா பண்ணும்மா" என்றாள் அம்மா. சத்தமில்லாமல் தன் இடத்திலேயே உட்கார்ந்து பண்ணினார். சிறிது நேரத்தில் வேறு ஒருவர் வந்தார். யாரையும் கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த ஒரு நோயாளியின் தலையில் கைவைத்து, நீங்கள் இத்தனை நாளாகத் தப்பான இடத்தில் கும்பிட்டதால் வந்த வியாதி இது என்று ஆரம்பித்துவிட்டார். இருவரும் ஒரே வேதத்தைப் படிக்கிறவர்கள்தான். திருநீற்றை வைத்தும் இதே கதையைச் சொல்ல முடியும்: கேட்டு வைப்பவர் உண்டு, கேட்காமல் அடுத்தவர் நெற்றியில் பூசிவிட்டு "நல்லதுக்குத்தானே" என்பவரும் உண்டு.

சரி, வீட்டை விட்டு ஊருக்கு வருவோம். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் 1795இல் ஆற்காடு நவாப் வாலாஜா குடும்பத்தார் கட்டியது. அங்கே ஒரு பாரசீக வாசகம் கல்லில் இருக்கிறது. அதன் எழுத்துகளுக்குரிய மதிப்பைக் கூட்டினால் பள்ளிவாசல் கட்டிய ஆண்டு வரும், அந்தக் காலத்துப் புலமை விளையாட்டு. அதை எழுதியவர் ராஜா மக்கன்லால். நவாபிடம் வேலை பார்த்த இந்து. பள்ளிவாசலுக்கு ஒரு இந்துவிடம் ஏன் எழுதி வாங்க வேண்டும் என்று நவாபுக்குத் தோன்றவில்லை, நான் ஏன் எழுத வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. நல்ல பாரசீகம் எழுதத் தெரிந்த ஆள், அவ்வளவே.

ரமலான் மாதத்தில் அதே பள்ளிவாசலுக்கு மாலையில் போய்ப் பாருங்கள். மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கும் சூஃபிதார் என்ற அமைப்பிலிருந்து வண்டியில் சாப்பாடு வந்து இறங்கும். பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு அது. பல பத்தாண்டுகளாக நோன்பு திறக்கும் சாப்பாட்டைச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். சைவச் சாப்பாடு. பரிமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். தலையில் குல்லா வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போவார்கள். பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர்கள் கையில் வேறு என்னென்னவோ இருந்திருக்கலாம். இவர்கள் கையில் இருப்பது சாதக் கரண்டி.

எனக்குப் பிடித்த இடம் சூஃபிதார்க்காரர்களும் பள்ளிவாசலும் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடு. இவர்கள் சைவம்தான் சமைப்போம் என்கிறார்கள், அவர்கள் அதை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார்கள். பள்ளிவாசலுக்குள் தலையை மறைத்துக்கொண்டு வருவதில் இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. யாரும் யாருடைய விதியையும் அழிக்கவில்லை. எல்லா மதமும் ஒண்ணுதான் என்று நினைத்திருந்தால் அந்தக் குல்லாவும் தேவைப்பட்டிருக்காது, சைவச் சமையலும் தேவைப்பட்டிருக்காது.

நோன்புக் கஞ்சி பற்றிச் சொல்லாமல் போனால் ராயப்பேட்டைக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, மேலே புதினா கொத்தமல்லி, வசதியைப் பொறுத்துக் கொத்துக்கறி. மாநில அரசு பள்ளிவாசல்களுக்கு இதற்கென்றே அரிசி ஒதுக்குகிறது. அசர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் தூக்கு வரிசையில் நிற்கும், அதில் எங்கள் வீட்டுத் தூக்கும் ஒன்று. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பாய் வீட்டுப் பையன்கள் சொம்போடு வருவதும் அப்படித்தான். கறி போட்ட கஞ்சியா போடாத கஞ்சியா என்று அம்மாவுக்காகப் பிரித்துச் சொல்லும் அந்த அண்டா அண்ணனைத்தான் நான் பெரிய மதநல்லிணக்கவாதி என்பேன்.

இதையெல்லாம் சொன்னதும் சென்னை அந்தக் காலத்திலிருந்தே அமைதிப் பூங்கா என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூர்த் திருவிழாக்களை மாதவாரியாகப் பாடியிருக்கிறார்: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு. அந்தப் பழைய கோயில் கடலோரம் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது, இப்போதுள்ள கபாலீசுவரர் கோயில் பின்னர் எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் தேவாலயத்திலும் கிடைத்திருக்கின்றன. அதே மயிலாப்பூரில் ஒருகாலத்தில் நேமிநாதருக்குச் சமணக் கோயில் இருந்தது. அந்தத் திருமேனிதான் திண்டிவனம் பக்கத்தில் மேல்சித்தாமூரில் இருக்கிறது என்பார்கள். சமணருக்கும் சைவருக்கும் இடையே நடந்த வாதமும் வம்பும் நம் பக்தி இலக்கியம் முழுக்கக் கிடக்கின்றன. பழைய பாக்கியை வசூல் செய்யப் புறப்பட்டால் யார் யாரிடம் போய் நிற்பது? தெரிந்துவைத்துக்கொள்ளலாம், மறைக்க வேண்டியதில்லை. இன்று சாந்தோமில் மெழுகுவத்தி ஏற்றுகிற மீனவப் பெண்ணிடம் அந்தக் கணக்கை நீட்டுவதுதான் அயோக்கியத்தனம்.

ராயபுரத்தில் மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்னிக் கோயில் 1910இலிருந்து இருக்கிறது. பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. என்னோடு வந்த நண்பன் கோபப்பட்டான், இது என்ன ஒதுக்கல் என்று. எனக்குக் கோபம் வரவில்லை. சின்னஞ்சிறு சமூகம், தன் தீயைத் தன் வழியில் காக்கிறது. எனக்கு அங்கே ஒரு வழக்கும் இல்லை. ஆனால் கும்பிடுகிற சாமி தன் சாமியாக இருந்தும், கோயில் கட்ட மண் சுமந்தவர்களாக இருந்தும், பிறப்பைக் காட்டி வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் கதை வேறு. அதற்காகத்தான் சென்னை மாகாணத்தில் 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 1970இல் சட்டம் கொண்டுவந்து, முறையாகப் பயின்றவர்கள் பரவலாகப் பணி ஆணை வாங்க 2021 ஆகஸ்ட் ஆனது. அரை நூற்றாண்டு. பிற மதத்தை மதிப்பது பற்றிக் கருத்தரங்கம் நடத்துகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு: உங்கள் மதத்துக்குள்ளேயே இருக்கிறவரை உள்ளே விட்டாயிற்றா?

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், புத்தர் சன்னிதி எல்லாம் மரநிழலில் அமைதியாக இருக்கின்றன. அழகான இடம். 1882இலிருந்து அந்தச் சபைக்கு அதுதான் தலைமையகம். ஆனால் அங்கே யாரும் குடியிருந்து தண்ணீர் லாரிக்குச் சண்டை போடுவதில்லையே. தெருவில்தான் விஷயமே.

தெரு என்றதும் 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்வார்கள். பள்ளிவாசலும் தேவாலயமும் கல்யாண மண்டபமும் யார் எவர் என்று கேட்காமல் கதவைத் திறந்தன. உண்மைதான், நெஞ்சு நிறைந்தது. இருந்தாலும் கழுத்தளவு தண்ணீரில் கதவைத் திறப்பது எளிது. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, மழை இல்லாத நாளில், இரண்டு மாத முன்பணத்தோடு வாடகைக்கு வீடு கேட்டு ஒருவர் வந்து நிற்கும்போது திறக்கிறதா? பெயரைச் சொன்னதும் "வீடு நேத்தே முடிஞ்சிடுச்சு சார்" என்கிற வீட்டுக்காரர்கள் நிறைந்த ஊர் இது. 'சைவம் மட்டும்' என்ற பலகைக்குப் பின்னால் இருப்பது பல நேரங்களில் சமையலைப் பற்றிய கவலை இல்லை, எல்லாருக்கும் தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, தரகர் சொல்லிக்கொடுத்தபடி போனில் பெயரைச் சொல்லாமல் பேசிப் பேசி, நேரில் போனதும் வீடு "முடிந்துபோன" கதைகளைச் சிரித்துக்கொண்டே சொல்வான். அதே வீட்டுக்காரர் வெள்ளத்தில் அவனுக்குச் சோறு கொடுத்திருப்பார். அதுவும் நிச்சயம்.

ஒலிபெருக்கிக்கு வருவோம், ஏனென்றால் சென்னையில் மதச் சண்டை என்று பெயர் வாங்குவதில் பாதி சத்தச் சண்டை. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் ஒரு கிறிஸ்தவ சபைக்கும் வந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்ட் 30இல் தீர்ப்பு. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்தோ மேளம் கொட்டியோ பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. சட்டம் கோயிலுக்கும் ஒன்றுதான், சர்ச்சுக்கும் ஒன்றுதான், பள்ளிவாசலுக்கும் ஒன்றுதான். ஆனால் காது மட்டும் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஆடி மாதம் எங்கள் தெருவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் காலை ஐந்து மணிக்கு எல்.ஆர். ஈஸ்வரி குரலில் அலறும்போது எனக்குச் சின்ன வயது ஞாபகம் வருகிறது. அதே நேரத்தில் அதே அளவில் வேறு ஒன்று கேட்டால் 'தூக்கம் போச்சு' என்று தோன்றுகிறது. டெசிபல் மீட்டரால்தான் இதற்கு நியாயம் சொல்ல முடியும், என் காதை நம்ப முடியாது.

இப்போது நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் இது வேறு உருவத்தில் வந்தது. கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் வைக்கலாம் என்று சிலர். அப்படியானால் டிசம்பரில் அதே இடத்தில் குடில் வைப்போம் என்று இரண்டாம் மாடி. பொது இடத்தில் எதுவும் வேண்டாம் என்று அப்பா, கறுப்புச் சட்டையோடு. சங்கக் கூட்டத்தில் காபி ஆறிப்போகிற அளவுக்குப் பேசினார்கள். கடைசியில் பொது இடத்தில் நிரந்தரமாக எதுவும் இல்லை, பண்டிகைக்கு யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், முடிந்ததும் வைத்தவர்களே இடத்தைக் கழுவிவிட வேண்டும், ஸ்பீக்கர் ஒன்பது மணிக்கு நிறுத்தம், ரமலானில் ஸஹர் என்னும் விடியலுக்கு முந்தைய சாப்பாட்டு நேரத்துக்காக லிஃப்டை இரவில் அணைக்கக்கூடாது என்று முடிவானது. லிஃப்ட் விஷயத்தைக் கிளப்பியவள் என் அம்மா. மூன்றாம் மாடிப் பாய் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி, கீழே இருக்கும் மகன் வீட்டில்தான் சமையல், விடியுமுன் படியேற முடியாது என்பது அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது, கழுவிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் வந்தது, கழுவிவிட்டார்கள், நட்சத்திர விளக்கை மட்டும் ஜனவரி வரை யாரும் கழற்றவில்லை. சங்கத்துக்கு இதுவரை எழுத்தில் வந்திருக்கும் ஒரே சத்தப் புகார் ஐபிஎல் இறுதிப் போட்டியை மொட்டைமாடியில் திரை கட்டிப் போட்டதைப் பற்றியது. அன்று ஸ்பீக்கர் ஒன்பது மணிக்கு நிற்கவில்லை, புகார்தாரரைத் தவிர எல்லா மதத்தாரும் மேலே இருந்தார்கள், அப்பா உட்பட. யார் பெயரில் அபராதம் எழுதுவது என்று செயலாளர் இன்னும் முடிவு செய்யவில்லை.